காட்டு மரச் சான்றிதழும் கமக்காரரும்

விதைநெல் வாங்கச் செல்லும் கமக்காரர் மூடையின் வாயிற் கட்டப்பட்டிருக்கும் அத்தாட்சி அட்டையை முதலிற் பார்ப்பர். அந்நெல் இன்ன வருக்கத்தைச் சேர்ந்தது, பயிராய் நின்ற காலத்திலே உத்தியோகத்தர் வயலுக்குச் சென்று பார்வையிட்டனர், அறுவடையின் பின் மாதிரி எடுத்துச் சோதித்தனர் என்பவற்றுக்கு அவ்வட்டை சாட்சியாகும். நெல்மணியைக் கையில் எடுத்துப் பார்த்து இவற்றை அறிய இயலாது. மணி தன் வரலாற்றைக் கூறாது. ஆதலாலேயே அட்டை வேண்டப்படுகின்றது.

மரத்துக்கும் இதே நிலைமை உண்டு. மரக்காலையில் அடுக்கப்பட்டிருக்கும் இரு தேக்கம் பலகைகளுள் ஒன்று முறையாகப் பேணப்பட்ட காட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். மற்றையது குளத்துக்கு நீர்தரும் காட்டில் இரவோடிரவாகத் தறிக்கப்பட்டதாக இருக்கலாம். நிறம், நார், பாரம் ஆகியவற்றால் இவ்விரண்டையும் பிரித்தறிதல் அரிது. மரம் எங்கே, எம்முறையில் வளர்க்கப்பட்டு வெட்டப்பட்டது என்பதை வாங்குவோருக்கு எழுத்துமூலம் உறுதிப்படுத்தும் ஏற்பாடே காட்டு மரச் சான்றிதழ் எனப்படுவது.

நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோருக்கு இதனால் ஆவது யாது எனச் சிலர் வினவலாம். வயல் வரம்பிலும் வீட்டு வளவிலும் தேக்கு, வேம்பு, மகோகனி, பலா முதலிய மரங்களை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு சிறு காட்டின் சொந்தக்காரரே. அம்மரங்களுக்குத் தக்க விலை கிடைப்பதும், வாய்க்காலில் மண் நிரம்பாது நீர் வருவதும் இச்சான்றிதழின் அடிப்படைக் கருத்தோடு தொடர்புடையன. ஆகையால் இதன் இயல்பையும் எல்லையையும் அறிந்திருத்தல் நன்று.

சான்றிதழ் தோன்றிய வகை

1980 களில் வெப்பவலயக் காடுகள் விரைவாக அழிக்கப்படுவதைக் கண்டு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் அந்நாடுகளின் மரங்களை வாங்குவதில்லை எனத் தீர்மானித்தனர். இப்பகிட்கரிப்பில் ஒரு குறை இருந்தது. களவாக வெட்டியவனும் முறையாக வளர்த்து வெட்டியவனும் ஒருங்கே தண்டிக்கப்பட்டனர். மேலும், மரத்துக்கு விலை இல்லாதவிடத்து, காட்டை வைத்திருப்பதிலும் அதை எரித்துப் புற்றரையாக்குவதே இலாபம் எனக் காணிக்காரர் எண்ணவும் இடமுண்டு. எனவே, நல்ல மரத்தைத் தீய மரத்தினின்றும் வேறுபடுத்திக் காட்ட ஒரு வழி தேவைப்பட்டது.

1989 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மழைக்காட்டுக் கூட்டணி என்னும் அமைப்பு இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. 1990 இல் சாவகத் தீவின் அரச தேக்கங்காடுகள் அத்திட்டத்தின்கீழ்ச் சான்றிதழ் பெற்றன. 1992 இல் பிரேசில் நாட்டின் ரியோ நகரிற் கூடிய உலக நாடுகள், காடுகளைக் குறித்துத் தம்மைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை எதனையும் செய்துகொள்ளவில்லை. அடுத்த ஆண்டாகிய 1993 இல் கனடாவின் தொரொந்தோ நகரிலே காட்டுச் சொந்தக்காரர், மர வியாபாரிகள், இயற்கை பேணுவோர், காடுவாழ் மக்களின் பிரதிநிதிகள் ஆகியோர் கூடி வனப் பொறுப்பாண்மைச் சபை என்பதை நிறுவினர். எப். எஸ். சி. என்னும் மூன்றெழுத்தால் இன்று எங்கும் அறியப்படுவது இச்சபையே. இதன் தலைமையகம் முதலில் மெக்சிக்கோ நாட்டில் இருந்தது. 2003 இல் ஜேர்மனியின் பொன் நகருக்கு மாற்றப்பட்டது.

இச்சபையின் விதிகள் பெரிய காடுகளுக்கே ஏற்றவை, சிறு காணிக்காரருக்குப் பாரமானவை என்று கருதிய ஐரோப்பியக் குடும்பக் காட்டுச் சொந்தக்காரர் 1999 இல் பாரிசிற் கூடி பி. ஈ. எப். சி. என்னும் வேறோர் அமைப்பை ஏற்படுத்தினர். இது ஒவ்வொரு நாடும் வகுத்துக்கொண்ட திட்டத்தை ஆராய்ந்து, தகுதியாயின் அங்கீகரிப்பது. அயல்நாடாகிய இந்தியா 2023 டிசெம்பரில் தனக்கென ஒரு தேசியச் சான்றிதழ்த் திட்டத்தை அறிமுகம் செய்தது.

சான்றிதழ் எவற்றைச் சோதிக்கின்றது?

எப். எஸ். சி. சபையின் விதிகள் 10 தலைப்புகளில் அடங்கும். அவற்றைக் கமக்காரர் எளிதில் விளங்கும் வகையிற் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, சட்டமும் உரிமையும். காணி யாருடையது, மரம் யாருடையது, நாட்டின் சட்டத்துக்கமைய வெட்டப்பட்டதா என்பன பார்க்கப்படும்.

இரண்டாவது, மனிதர். காட்டில் வேலை செய்வோரின் கூலி, பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை ஆகியனவும், பூர்வீகக் குடிகளினதும் அயற்கிராமத்தவரினதும் உரிமைகளும் பேணப்படல் வேண்டும்.

மூன்றாவது, அளவு. ஆண்டுதோறும் வெட்டப்படும் மரம் அக்காட்டின் வளர்ச்சிக்கு மேற்படலாகாது. எழுதப்பட்ட திட்டமும், அத்திட்டப்படி நடந்ததா எனக் காட்டும் கணக்கும் இருத்தல் வேண்டும்.

நான்காவது, மண்ணும் நீரும் உயிரினங்களும். ஆற்றங்கரை, ஊற்றுக்கண், செங்குத்தான சரிவு ஆகியவற்றிலுள்ள மரங்கள் காக்கப்படல் வேண்டும். மிகுந்த நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் விலக்கப்படல் அல்லது கட்டுப்படுத்தப்படல் வேண்டும்.

இந்நான்காவது பிரிவே கீழ்நிலத்து நெற்செய்கைக்காரருக்கு நேரே பயன்தருவது. மேட்டுக்காட்டில் நீரோடையின் இரு மருங்கும் மரமும் செடியும் நின்றால் மழைநீர் மெல்ல வடிந்து ஓடைக்கு வரும். கரை மொட்டையானால் அதே நீர் மண்ணை வாரிக்கொண்டு குளத்தில் இறங்கும். குளம் தூர்ந்தபின் வான்கதவைக் குறை கூறிப் பயனில்லை.

இயற்கைக் காட்டை அழித்து அவ்விடத்தில் தேக்கையோ யூக்கலிப்டசையோ நட்டு, அதற்குச் சான்றிதழ் கேட்பதும் இயலாது. 1994 நவெம்பருக்குப் பின் அவ்வாறு மாற்றப்பட்ட தோட்டங்களுக்கு நெடுங்காலம் கதவடைக்கப்பட்டிருந்தது. 2023 இல் இவ்விதி திருத்தப்பட்டது. அதன்படி 2020 டிசெம்பர் 31 க்கு முன் காட்டை மாற்றியோர் தாம் செய்த கேட்டுக்கு ஈடுசெய்தால் விண்ணப்பிக்கலாம்; அத்திகதிக்குப் பின் மாற்றியோருக்கு இடமில்லை.

இச்சோதனையைச் சபை தானே செய்வதில்லை. அதற்கென அங்கீகாரம் பெற்ற தனி நிறுவனங்கள் செய்கின்றன. சான்றிதழ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆயினும் ஆண்டுதோறும் பரிசோதகர் வந்து பார்வையிடுவர். குறை கண்டால் திருத்துமாறு தவணை கொடுப்பர். திருத்தாவிடின் சான்றிதழை நிறுத்துவர்.

அடிக்கட்டை முதற் கடைவரை

காடு நல்லதாயிருப்பது மாத்திரம் போதாது. விதைநெல் மூடையை வழியில் அவிழ்த்து வேறு நெல்லைக் கலந்தால் அட்டையால் பயன் என்ன? மரமும் அவ்வாறே. தறித்தவர், ஏற்றியவர், அரிந்தவர், தளபாடம் செய்தவர், விற்றவர் எனப் பல கைகள் மாறியே அது கடைக்கு வருகின்றது. ஆகவே, மரம் கைமாறும் இடந்தோறும் அதனைச் சொந்தமாக வாங்கி விற்பவர் ஒவ்வொருவரும் தனித்தனிச் சான்றிதழ் வைத்திருத்தல் வேண்டும். இதனைக் கைமாற்றுச் சங்கிலி என்பர். ஒரு கண்ணி அறுந்தால் அதற்கப்பால் இலச்சினை பொறிக்க உரிமை இல்லை.

சங்கிலியைச் சோதிக்கும் முறை கணக்கே. மரம் அரியும் ஆலைக்குள் 1,000 கன அடி உருளைமரம் சென்றதெனக் கொள்வோம். தோலும் பக்கமும் மரத்தூளுமாக ஒரு பெரும்பகுதி கழிந்தே பலகை வெளிவரும். அவ்வாலை 900 கன அடிப் பலகையைச் சான்றிதழ் பெற்ற மரமென விற்றிருப்பின், எஞ்சியது எங்கிருந்து வந்தது எனப் பரிசோதகர் கேட்பார். உள்ளே சென்றதும் வெளியே வந்ததும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவிடத்துக் களவுமரம் கலந்திருக்கிறது என ஐயுறுவதற்கு இடமுண்டு.

பொருள்களிற் காணப்படும் எப். எஸ். சி. இலச்சினை மூவகைப்படும். நூற்றுக்கு நூறும் சான்றிதழ் பெற்ற காட்டு மரம் என்பது ஒன்று. சான்றிதழ் மரத்தோடு, களவுமரம் முதலிய தீய மூலங்களினின்றும் வந்ததல்ல எனச் சோதிக்கப்பட்ட பிற மரமும், மீள்பயன் பொருளும் கலந்தது என்பது இரண்டாவது. முற்றிலும் பழைய மரத்தாலோ பழைய கடதாசியாலோ மீளச் செய்தது என்பது மூன்றாவது. பாடசாலைப் பிள்ளைகளின் கொப்பிகளிலும் பால் பெட்டிகளிலும் இவ்விலச்சினைகளைக் காணலாம்.

சான்றிதழ் கூறாதவை

இலச்சினை உள்ள மரம் வயிரமுள்ளது, நன்கு உலர்ந்தது, கறையான் அரியாதது என எண்ணுதல் தவறு. மரத்தின் தரத்துக்கும் இச்சான்றிதழுக்கும் தொடர்பில்லை. அது மரத்தின் வழியை மட்டுமே கூறும்.

அவ்வழியையும் அது பிழையின்றிக் கூறும் என்பதற்கு முழு உறுதி இல்லை. சோதனைக்கான செலவைச் சோதிக்கப்படுபவரே கொடுப்பது இம்முறையிலுள்ள ஒரு வலுக்குறைவு. எனினும் கண்காணிப்பு முற்றாகப் பயனற்றதன்று. 1990 இற் சான்றிதழ் பெற்ற சாவகத்துத் தேக்கங்காடுகளிலே 1998 ஐ அடுத்த அரசியற் குழப்பத்தின்போது மரக்களவு பெருகிற்று. காட்டு நிருவாகத்துக்கும் கிராமத்தவருக்குமிடையே பிணக்குகளும் மிகுந்தன. 2001 இல் அச்சான்றிதழ் நிறுத்தப்பட்டது. அயற்கிராமத்தவரின் ஒத்துழைப்பு இன்றிக் காட்டைக் காத்தல் இயலாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இன்னொரு குறையும் உண்டு. உலகிற் சான்றிதழ் பெற்ற காடுகளுட் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலுமே உள்ளது. எந்த வெப்பவலயக் காடுகளைக் காக்க இம்முறை எண்ணப்பட்டதோ, அங்கே இது குறைவாகவே பரவியுள்ளது. செலவும், காணி உறுதிகளின் குழப்பமும், வேண்டப்படும் எழுத்துவேலையின் மிகுதியும் அதற்குக் காரணங்களாம்.

சிறு காணிக்காரர் நிலை

1 ஏக்கர் வளவில் 40 மரம் வைத்திருப்பவர் பரிசோதகரைத் தனியே அழைத்துச் செலவு கொடுத்தல் இயலாத காரியம். மரம் முழுவதையும் விற்றாலும் செலவுக்குக் காணாது. ஆதலின் சிறு காணிகளுக்கென இலகுவாக்கப்பட்ட விதிகளும், கூட்டுச் சான்றிதழ் என்னும் முறையும் ஏற்பட்டன. பல காணிக்காரர் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்வர். சங்கம் ஒரே கணக்கும் ஒரே திட்டமும் வைத்திருக்கும். பரிசோதகர் எல்லாக் காணிகளுக்கும் செல்லாது, சிலவற்றைத் தெரிந்தெடுத்துப் பார்ப்பர். செலவு பலர்மேற் பகிரப்படும். ஆனால் ஓர் அங்கத்தவர் செய்யும் பிழை அனைவரையும் பாதிக்கும்.

இந்தோனேசியாவின் தென்கிழக்குச் சுலாவெசியிலே தெற்குக் கொனாவே என்னும் மாவட்டத்தில், தம் சொந்தக் காணிகளில் தேக்கு வளர்த்த சிறு கமக்காரர் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து 2005 இல் எப். எஸ். சி. சான்றிதழைப் பெற்றனர். முன்னர் தரகர் கூறிய விலைக்கே நிற்கும் மரத்தை விற்றுவந்த அவர்கள், சங்கத்தின்மூலம் அதனினும் கூடிய விலை பெற்றனர். இதற்கு இலச்சினை மாத்திரம் காரணமன்று. மரத்தை அளந்து, கணக்கிட்டு, ஒருங்கே விற்றமையும் காரணமாகும்.

மத்திய சாவகத்தில் வொனோகிரி மாவட்டத்துச் செலோபுரோ, சும்பெரெஜோ என்னும் இரு கிராமங்களின் வரலாறும் அறியத்தக்கது. மரமின்றிக் கிடந்த சுண்ணக்கல் மேடுகளிலே தேக்கும் மகோகனியும் நட்டு வளர்த்த அக்கிராமத்தவர் 2004 இல் தம் நாட்டுச் சான்றிதழைப் பெற்றனர். ஆயினும் சாவகத்தின் இத்தகைய சிறு காடுகளில் ஒரு தடை எதிர்ப்பட்டது. கமக்காரனுக்கு மரம் ஒரு சேமிப்பு வங்கி. பிள்ளையின் படிப்பு, கலியாணம், நோய் என்று தேவை வந்த நாளிலே அவன் வெட்டுவான். வாங்குவோரோ மாதந்தோறும் ஒரே அளவும் ஒரே பருமனும் கேட்பர். இவ்விரண்டும் ஒத்துவராமையாற் பலருக்குச் சான்றிதழுக்கேற்ற விலை கிடைக்கவில்லை. இதற்குப் பரிகாரமாக, நிற்கும் மரத்தை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்து, வெட்டுதலைத் தள்ளிப்போடச் செய்யும் முறையும் அங்கே கையாளப்பட்டது.

இவ்வுதாரணங்களால் ஒன்று தெளிவாகும். கேட்டு வாங்குபவர் இருந்தாலன்றிச் சான்றிதழாற் பணம் வராது. ஆனால் சான்றிதழுக்காகப் பழகும் ஒழுங்கு, சான்றிதழ் இல்லாதவிடத்தும் பயன்தரும்.

நம் நாட்டின் நிலை

இலங்கையில் இயற்கைக் காடுகளில் வியாபாரத்துக்காக மரந்தறித்தல் 1990 இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் உள்நாட்டு மரத்தின் பெரும்பங்கு வீட்டுத் தோட்டங்களிலும், இறப்பர், தென்னை முதலிய தோட்டங்களிலும், அரசு நட்ட காடுகளிலுமிருந்தே வருகின்றது. அதாவது நாட்டின் மரத்தேவையிற் கணிசமான பகுதியைக் கமக்காரரே தம் வளவிலிருந்து கொடுக்கின்றனர்.

சான்றிதழ் பெற்றுள்ளவை பெரும்பாலும் பெருந்தோட்டக் கம்பனிகளே. இறப்பர்க் கையுறை முதலியவற்றை வாங்கும் வெளிநாட்டார் பாலின் பிறப்பிடத்தைக் கேட்பதால், சில இறப்பர்த் தோட்டங்கள் எப். எஸ். சி. சான்றிதழ் பெற்றுள்ளன. இறப்பர், மரம் உள்ளிட்ட 7 பொருள்களைக் குறித்து 2023 இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது. 2020 டிசெம்பர் 31 க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த பொருளை அங்கே விற்கலாகாது. விளைந்த காணியின் இருப்பிடத்தையும் காட்டல் வேண்டும் என்பன அதன் விதிகள். நடைமுறைக்கு வரும் நாள் ஒருமுறைக்கு மேற் பின்போடப்பட்டது. எனினும் பிறப்பிடம் கேட்கும் வழக்கம் இனிக் குறையப் போவதில்லை.

அரச அனுமதிப்பத்திரத்தையும் இச்சான்றிதழையும் ஒன்றெனக் கருதலாகாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, சொந்தக் காணியிலாயினும் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறித்தல் குற்றமாகும். மரத்தை ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் தேவைப்படும். சில இனங்களுக்கு விலக்கு உண்டு. இவை சட்டத்தின் கட்டளைகள். சான்றிதழோ தானாக விரும்பி மேற்கொள்ளப்படுவது. ஆனால் சட்டப் பத்திரம் இல்லாத மரத்துக்குச் சான்றிதழ் ஒருபோதும் கிடைக்காது.

இப்பொழுதே செய்யத்தக்கவை

1. மர இடாப்பு ஒன்று தொடங்குக. சாதாரண கொப்பி போதும். ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமிட்டு, இனம், நட்ட ஆண்டு, நிற்கும் இடம் ஆகியவற்றைப் பதிக. ஆண்டுக்கொருமுறை நிலத்திலிருந்து 4 அடி 3 அங்குல உயரத்தில் நாடாவாற் சுற்றளவு எடுத்து எழுதுக.

2. நிற்கும் மரத்தைக் கண்மதிப்பில் விற்காதீர்கள். கால்சுற்று முறைப்படி, நடுச்சுற்றளவு 4 அடியும் நீளம் 10 அடியுமான உருளைமரம் 10 கன அடியாகும். நடுச்சுற்றளவின் காற்பங்கை அதனாலேயே பெருக்கி, நீளத்தாற் பெருக்குவதே கணக்கு. அம்மரத்தின் உண்மைக் கன அளவு ஏறத்தாழ 12¾ கன அடி. எம்முறையில் அளக்கப்படுகின்றது என்பதை விலை பேசுமுன் கேட்டறிக.

3. வளர்ச்சிக்கு மேல் வெட்டாதீர்கள். 30 ஆண்டில் வெட்டுவதெனத் தீர்மானித்த 60 தேக்கு, பல வயதினவாக இருப்பின், ஆண்டுக்கு 2 மரமே சராசரி அளவு. தேவை நிமித்தம் ஓராண்டில் 6 வெட்டினால், அடுத்த 2 ஆண்டுகளுக்கு வெட்டாது விடுக. எல்லாம் ஒரே ஆண்டில் நட்டவையாயின், இப்பொழுதிருந்தே ஆண்டுதோறும் சில கன்றுகள் நட்டு வயதைப் பரப்புக.

4. வெட்டிய மரத்தின் இலக்கத்தை அடிக்கட்டையிலும் துண்டுகளிலும் எழுதுக. அனுமதிப்பத்திரம், பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைக் காணி உறுதியோடு சேர்த்து வைக்க. அரச அனுமதிப்பத்திரக் காணியாயின், மரத்தின் உரிமை நிபந்தனைகளைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே விசாரிக்க.

5. மரம் நடுவதற்காகக் காட்டையோ குளத்தின் நீரேந்து பகுதியையோ வெட்டித் துப்புரவாக்காதீர்கள். ஓடைக்கரை மரங்களைத் தொடாது விடுக.

6. மரம் வளர்ப்போர் கமக்காரர் அமைப்பின் மூலம் ஒன்றுசேர்ந்து இடாப்புகளை ஒரே முறையில் எழுதுக. பல காணிகளின் கணக்கைத் தொகுத்தால், ஓராண்டில் எவ்வளவு மரம் கொடுக்கமுடியும் என வாங்குவோருக்குக் கூறலாம்.

7. பணம் கட்டினால் சான்றிதழ் பெற்றுத் தருவோம், வெளிநாட்டு விலை நிச்சயம் என்று வருவோரிடம் எச்சரிக்கையாயிருங்கள். வாங்குபவர் யார், எவ்வளவு கேட்கிறார், ஆண்டுப் பரிசோதனைச் செலவை யார் ஏற்பது என்னும் மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெறாமற் கையொப்பமிடாதீர்கள்.

சான்றிதழ் இன்று நம் கிராமங்களுக்குத் தொலைவிலிருப்பதாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு வேண்டிய முதற் பொருள் ஒரு கொப்பியும் அளவுநாடாவுமே. அவற்றாற் கமக்காரர் தம் மரத்தின் அளவையும் பெறுமதியையும் அறிவர். அறிந்தவரைத் தரகர் ஏமாற்றுதல் எளிதன்று. பிற்காலத்தில் கூட்டுச் சான்றிதழுக்கு வாய்ப்பு வருமாயின், பல ஆண்டுக் கணக்கைக் காட்டக்கூடிய கிராமமே முதலில் தகுதிபெறும். மரம் ஓராண்டில் வளராததுபோல, கணக்கும் ஓராண்டில் உண்டாவதன்று. இடாப்பு எழுதும் முறையை அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையும், தறித்தல், ஏற்றிச்செல்லல் விதிகளை அறிய விரும்புவோர் பிரதேச செயலகத்தையும் வட்டாரக் காட்டு அலுவலகத்தையும் அணுகுவாராக.